பணக்காரர்கள் தரும் நன்கொடை, அவர்கள் தவிர்க்கும் வரிக்கு ஈடாகுமா?

ஈடாகாது என்பதே என் பதில். முதலில் ஒரு வேறுபாடு: வருமானத்தை மறைப்பது வரி ஏய்ப்பு, அது குற்றம். சட்டத்தின் சந்துபொந்துகளைப் பயன்படுத்தி வரியைக் குறைத்துக்கொள்வது வரி தவிர்ப்பு. இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றியது.

தொகை சமமாகவே இருந்தாலும் ஏன் ஈடாகாது? வரிப்பணம் எங்கே போக வேண்டும் என்பதை மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவு செய்கிறார்கள். அவர்களிடம் நாம் கணக்குக் கேட்கலாம். நன்கொடை விஷயத்தில் கொடுப்பவர் விருப்பமே முடிவு. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் பராமரிப்புக் கட்டணம் கட்டாமல், வாசலில் பூந்தொட்டிகள் வாங்கி வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிகள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் லிப்ட் பழுதுக்கும் சாக்கடை அடைப்புக்கும் மற்றவர்கள்தான் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

அப்புறம், நன்கொடையே வரியைக் குறைக்கும் வழியாகவும் இருக்கிறது. அமெரிக்காவில், நீண்ட காலம் வைத்திருந்து விலை ஏறிய பங்குகளைப் பொதுத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால், ஏறிய லாபத்துக்கு வரி கிடையாது. பங்கின் சந்தை மதிப்பையும், ஒரு வரம்புக்குள், வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். சொந்த அறக்கட்டளையில் பணத்தைப் போட்டாலோ, அது ஆண்டுக்குச் சொத்தில் சுமார் 5 சதவீதம் செலவிட்டால் போதும். நிர்வாகச் செலவின் பெரும்பகுதியும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். சலுகை உடனே கிடைத்துவிடுகிறது, உதவி தவணை முறையில் வருகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அதற்காக, நன்கொடை கொடுத்தாலே லாபம் என்று பலர் நினைப்பதும் தவறு: 30 சதவீத வரி கட்டுபவர் ரொக்கமாக 100 டாலர் கொடுத்தால் வரியில் மிச்சமாவது 30 டாலர்தான், மீதி 70 அவர் கையிலிருந்தே போகிறது.