வயதைச் சொன்னால்தான் வீடியோவா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு வயது 41. யூடியூப் திடீரென்று என்னை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவளாக எடுத்துக்கொண்டு சில வீடியோக்களைக் காட்ட மறுக்கிறது. கிரெடிட் கார்டு, செல்ஃபி, அடையாள அட்டை மூன்றில் ஒன்றைக் கேட்கிறது. எதைக் கொடுக்கலாம்?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

அமெரிக்காவில் 2025 ஆகஸ்ட் 13 முதல், கணக்கில் நீங்கள் எழுதிய பிறந்த தேதியை மட்டும் யூடியூப் நம்புவதில்லை. என்ன தேடுகிறீர்கள், எந்த வகை வீடியோ பார்க்கிறீர்கள், கணக்கு எத்தனை ஆண்டுப் பழையது என்பதையெல்லாம் வைத்து வயதைக் கணிக்கிறது. ஹால் டிவியில் உங்கள் கணக்கு திறந்தே இருந்து, பிள்ளைகள் மாலை முழுக்க அதில் கார்ட்டூனும் கேம் வீடியோவும் பார்த்தால், கணக்கில் சேர்வது அவர்களின் பழக்கம்தான்.

ஆவணத்தை எடுக்கும் முன் ஒரு கேள்வி: உங்களுக்கு இது தேவையா? 18-க்குக் கீழ் என்று முடிவானால் 18+ வீடியோக்கள் மூடப்படும், தனிப்பட்ட விளம்பரங்கள் நிற்கும், ‘ஓய்வெடுங்கள்’, ‘தூங்கும் நேரம்’ என்ற நினைவூட்டல்கள் வரும், சில வகை வீடியோக்கள் அடுத்தடுத்துப் பரிந்துரைக்கப்படுவது குறையும். இதில் உங்களுக்கு நஷ்டம் முதலாவது மட்டும்தான். அந்த வீடியோக்கள் வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். பின்தொடரும் விளம்பரம் ஒழிந்தது லாபம்.

வேண்டும் என்றால், முதலில் கூகுள் கணக்கில் ‘பர்சனல் இன்ஃபோ’ பகுதிக்குப் போய் ‘பர்த்டே’யைப் பாருங்கள். கணக்குத் தொடங்கிய அவசரத்தில் ஆண்டைத் தவறாகப் போட்டவர்கள் நிறையப் பேர். திருத்தும்போது கவனம்: கை தவறி 13 வயதுக்குக் கீழ் வரும் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் கணக்கே முடங்கும் நிலை வரும்.

அடுத்தது கிரெடிட் கார்டு. எங்கள் பரிந்துரை இதற்குத்தான். பணம் எடுக்கப்படாது, கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு தற்காலிக அனுமதி மட்டும் பதிவாகி, பிறகு தானே விலகிவிடும். ப்ளே ஸ்டோரில் ஏற்கெனவே அந்தக் கார்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கூகுளுக்கு நீங்கள் புதிதாகச் சொல்லும் தகவல் ஏறக்குறைய எதுவுமில்லை. டெபிட் கார்டைப் போட்டுப் பார்த்து ‘வேலை செய்யவில்லை’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளிடமும் டெபிட் கார்டு இருப்பதால் அது வயதுக்குச் சான்றாகாது.

கார்டு இல்லாதவருக்கு செல்ஃபி. அடையாள அட்டை கடைசி வழி. செல்ஃபியில் போவது முகம் மட்டும். அட்டையிலோ பெயர், பிறந்த தேதி, எண், முகவரி, படம் எல்லாம் ஒரே சீட்டில் போகின்றன. அட்டைதான் என்று ஆகிவிட்டால், லேமினேஷனில் விளக்கொளி அடிக்காமல், நான்கு மூலையும் தெரியும்படி, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நிராகரிப்புகளுக்குப் பெரும்பாலும் மங்கலான எழுத்தும் வெட்டுப்பட்ட ஓரமும்தான் காரணம்.

சரிபார்த்து முடிந்ததும் டிவியில் பிள்ளைகளுக்குத் தனிப் புரொஃபைல் போடுங்கள். ‘டேட்டா அண்ட் பிரைவசி’ பகுதியில் யூடியூப் ஹிஸ்டரியைத் திறந்து, தானாக அழியும் காலத்தை 3 மாதமாக வையுங்கள். 18 மாதம், 36 மாதம் என்ற தேர்வுகளும் உண்டு. அவ்வளவு காலம் சேர்த்துவைப்பதில் உங்களுக்குப் பெரிய பயன் ஒன்றும் இல்லை.

செல்ஃபி எடுத்தால் என் முகம் எங்கோ பதிவாகிவிடாதா? இருப்பிடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டுத் தப்பிக்கலாம் என்கிறான் மகன்.
– வாசகர், ஹாரோ, லண்டன்

இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘இது யார்’ என்று கண்டுபிடிக்க, முகத்தை வேறொரு படத்தோடு ஒப்பிட வேண்டும். ‘வயது எவ்வளவு இருக்கும்’ என்று கணிக்க அந்த ஒப்பீடு தேவையில்லை. மென்பொருள் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு ஒதுங்கலாம். படத்தை வைத்துக்கொள்கிறார்களா என்பது தொழில்நுட்பம் தீர்மானிப்பதல்ல, நிறுவனத்தின் நடத்தை. எனவே அனுமதிக்கும் முன் தனியுரிமை அறிக்கையில் இரண்டை மட்டும் தேடுங்கள்: படம் போனிலேயே ஆராயப்படுகிறதா, சர்வருக்குப் போகிறதா? போனால் எப்போது அழிக்கப்படுகிறது?

கணிப்பு ஓரிரு ஆண்டு முன்பின் போகும். அதனால்தான் 19, 20 வயதுக்காரர்கள் தடுக்கப்படுவதும், பிறகு அட்டை கேட்கப்படுவதும் நடக்கிறது. பின்னால் ஜன்னல் வெளிச்சம், கண்ணாடியில் பிரதிபலிப்பு, தொப்பி ஆகியவற்றைத் தவிர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம், கணிப்பு தவறு என்று நீங்கள் செய்யும் மேல்முறையீடு. 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தின் நிறுவனம், சுமார் 70,000 பயனர்களின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என்று அறிவித்தது. வயது தொடர்பான மேல்முறையீட்டுக்காக அனுப்பப்பட்ட படங்கள் அவை; ஓட்டை விழுந்தது வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனத்தில். முதல் சரிபார்ப்பில் ‘உடனே அழிக்கிறோம்’ என்ற உறுதி, உதவி மையத்துக்கு இணைப்பாகப் போகும் படத்துக்கும் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டை மின்னஞ்சலில் அனுப்பவே வேண்டாம்.

வி.பி.என். பிரிட்டனில் சட்டவிரோதமல்ல. ஆனால் வயது ஒட்டியிருப்பது உங்கள் கணக்கில். அதே கணக்கில் நுழைந்தால் இருப்பிடத்தை மாற்றிப் பெரிதாகப் பயனில்லை. இலவச வி.பி.என். என்றால் நீங்கள் போகும் தளங்களின் பெயரெல்லாம் முகம் தெரியாத இன்னொரு நிறுவனத்தின் வழியாகப் போகும். தனியுரிமைக்காக அதை நாடுவது ஓட்டைக் குடத்தில் நீர் எடுப்பதுதான்.

மகளுக்கு 15 வயது. ஆஸ்திரேலியச் சட்டப்படி அவள் யூடியூப் பார்த்தால் எங்களுக்கு அபராதமா?
– வாசகி, சிட்னி

இல்லை. 2025 டிசம்பர் 10 முதல் நடப்பிலுள்ள தடை, 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் கணக்கு வைத்திருப்பதைப் பற்றியது. 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரையிலான தண்டனை நிறுவனத்துக்கு மட்டும்தான். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஏதுமில்லை. கணக்கில் நுழையாமல் பார்க்கலாம். ஆனால் அப்போது பெற்றோர் கட்டுப்பாடுகளும் போய்விடும், அவை கணக்கோடு இணைந்தவை. வயது வந்தோருக்கான வீடியோக்களை வடிகட்டும் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ மட்டும் மிஞ்சும். அதை ஒவ்வொரு போனிலும், ஒவ்வொரு பிரவுசரிலும் தனித்தனியாகப் போட வேண்டும். இன்னொன்று: அரசு அடையாள அட்டையை ஒரே வழியாக நிறுவனம் வற்புறுத்தக் கூடாது, மாற்று வழி தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவிலும் இந்த வயதுச் சரிபார்ப்பு வருமா?
– வாசகர், திண்டுக்கல்

வேறு வடிவில் வருகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். அவர்களைக் கண்காணிப்பதும் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், யார் குழந்தை என்று அறிய நிறுவனம் எல்லோரிடமும் கேட்டாக வேண்டியிருக்கும். பெற்றோரின் அடையாளத்தையும் வயதையும் உறுதிசெய்ய அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் போன்ற அமைப்பு தரும் டோக்கனை, அதாவது மின்னணு அடையாளக் குறியீட்டை, விதிகள் ஏற்கின்றன. ஆவணப் படத்தைவிட டோக்கன் எவ்வளவோ மேல். இரண்டும் கேட்கப்பட்டால் டோக்கனையே தேர்ந்தெடுங்கள்.

‘24 மணி நேரத்தில் வயதைச் சரிபார்க்காவிட்டால் யூடியூப் முடக்கப்படும்’ என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தது. ஆதார் எண் கேட்கிறது.
– வாசகர், மதுரை

மோசடி. தொடாதீர்கள். உண்மையான கோரிக்கை யூடியூப் செயலிக்குள்ளோ கூகுள் கணக்குப் பக்கத்திலோ வரும், ஆதார் ஓ.டி.பி.யை வீடியோ தளம் எதுவும் வாட்ஸ்அப்பில் கேட்காது. எண்ணையும் ஓ.டி.பி.யையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டு, ‘ஆதன்டிகேஷன் ஹிஸ்டரி’யில் கடந்த 6 மாதங்களில் ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்று பாருங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். வேறெங்காவது ஆதார் நகல் கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில், முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ போதுமா என்று கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.