ஆட்டோமேட்டிக் காரில் கியர் லீவர் ‘பி’யை விட்டு நகர மறுப்பதும், சாவி வெளியே வர மறுப்பதும் ஏன்?

கேட்டவரின் நிலைமை இது: ஏழெட்டு ஆண்டு ஓடிய ஆட்டோமேட்டிக் கார். என்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் சில நாட்களில் கியர் லீவர் ‘பி’யை (‘பார்க்’, காரை நிறுத்தி வைக்கும் நிலை) விட்டு அசையவே மாட்டேன் என்கிறது. வேறு சில நாட்களில் காரை நிறுத்திய பிறகு சாவியை உருவ முடிவதில்லை. கியர்பாக்ஸ் போய்விட்டதா, எவ்வளவு செலவு வைக்கும் என்று பயந்துபோய்க் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். கோவையில் கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த இரண்டு புகார்களோடு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் கியர்பாக்ஸைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. பிரேக் பெடலுக்கு மேலே ஒளிந்திருக்கும் ஒரு சின்ன சுவிட்ச், ஒரு ஃபியூஸ், லீவரின் அடியில் இருக்கும் இன்னொரு சுவிட்ச். கோளாறு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

என் அப்பாவின் காரில் நடந்ததைச் சொல்கிறேன். இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு அவரால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதனால் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினோம். சாவி போட்டுத் திருகுகிற பழைய வகை. ஒரு வியாழக்கிழமை மாலை அம்மாவோடு மருதமலைக்குப் போயிருந்தார். இருட்டுகிற நேரத்தில் போன் வந்தது. “கண்ணு, வண்டி ஸ்டார்ட் ஆகிறது. லீவர் மட்டும் நட்டு வைத்தது போல நிற்கிறது.”

பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, அம்மாவைக் காரின் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னேன். சிவப்பு விளக்கு எரிகிறதா? இடதும் இல்லை, வலதும் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மூன்றாவதும் இல்லை என்றார் அம்மா. மூன்று பல்புகளும் ஒரே நாளில் சொல்லிவைத்தாற்போல் போகாது. அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

இது இப்படித்தான் வேலை செய்கிறது. பிரேக் பெடலின் கை மேலே போய் முடிகிற இடத்தில், பேனாவின் பொத்தான் போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும் சுவிட்ச் இருக்கிறது. பெடலை மிதித்ததும் அந்த முனை விடுபட்டு, பிரேக் லைட்டுக்கு மின்சாரம் போகிறது. அதே சுவிட்சின் செய்திதான் கியர் லீவரின் பக்கத்தில் இருக்கும் சோலினாய்டு என்ற சின்ன மின்காந்தத்துக்கும் போகிறது. சோலினாய்டு ஒரு சிறிய தாழ்ப்பாளை இழுத்துக்கொள்ளும். லீவர் விடுபடும். காரின் கண்ணுக்கு உங்கள் கால் தெரியாது. அந்தச் சுவிட்ச் சொல்வதை மட்டுமே அது நம்பும். சுவிட்ச் ஊமையாகிவிட்டால், அல்லது ஃபியூஸ் எரிந்துவிட்டால், நீங்கள் பெடலை எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் கார் “இன்னும் மிதிக்கவில்லை” என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

உங்கள் காரிலும் இதை இன்றே பார்த்துவிடலாம். என்ஜினை ஓடவிடாமல் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்புங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியும் பாட்டும் இல்லாமல் பிரேக்கை மிதியுங்கள். லீவரின் அடியிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சன்னமான ஓசை வர வேண்டும். விளக்கும் எரியவில்லை, ஓசையும் இல்லை என்றால் ஃபியூஸ் அல்லது பெடல் சுவிட்ச். விளக்கு எரிகிறது, ஓசை மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் சோலினாய்டு அல்லது அதற்குப் போகும் ஒயர். ஓசை வந்தும் லீவர் அசையவில்லை என்றால் கார் சரிவில் நிற்கிறதா என்று பாருங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்களுக்குச் “சில நாட்களில்” மட்டும் நடக்கிறது என்கிறீர்கள். எரிந்துபோன ஃபியூஸ் நாள் பார்த்து வேலை செய்யாது. எனவே எனக்குச் சந்தேகம் பெடல் சுவிட்சின் மீதுதான். உள்ளே இருக்கும் தகடுகள் தேய்ந்து கரிபிடித்திருந்தால் ஒரு நாள் தொடும், ஒரு நாள் தொடாது. பெடலை இன்னும் ஆழமாக மிதிக்கும்போது லீவர் விடுபடுகிறதென்றால் ஏறக்குறைய உறுதி. சில நூறு ரூபாய் பொருள், கால் மணி நேர வேலை.

மருதமலைக்குத் திரும்புகிறேன். பல கார்களில் லீவரின் ஓரமாக, விரல் நகம் அளவு ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்தால் ஒரு துளை. ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, அந்தத் துளைக்குள் சாவியின் முனையையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டு அழுத்தினால் தாழ்ப்பாள் கையால் விலகும். லீவரை ‘என்’னுக்கு (நியூட்ரல்) கொண்டுவந்துவிடலாம். அப்பா முதல் முயற்சியிலேயே அதைச் செய்துவிட்டார். ஆனால் அப்படியே ஓட்டிக்கொண்டு இறங்க நான் விடவில்லை. பிரேக் லைட் ஒன்றுகூட எரியாத கார் அது. இருட்டில், மலைப்பாதை வளைவுகளில், முன்னால் போகிறவர் பிரேக் போட்டது பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? மூடியைத் திறக்கும் வித்தையை இணையத்தில் சொல்லித் தருகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். லீவர் நகர்ந்துவிட்ட மகிழ்ச்சியில் நாமும் மறந்துவிடுகிறோம்.

நான் பைக்கில் ஃபியூஸ்களை எடுத்துக்கொண்டு மேலே போனேன். பழைய ஃபியூஸின் நடுக்கம்பி அறுந்து, பிளாஸ்டிக்கின் உள்பக்கம் புகைபடிந்திருந்தது. புதியதைச் செருகி அப்பா பெடலை மிதித்ததும் பின்னால் மூன்று விளக்குகளும் எரிந்தன. லீவர் வெண்ணெயாக நகர்ந்தது. மறுநாள் பட்டறையில் காரணத்தைத் தேடினேன். முந்தைய உரிமையாளர் எங்கோ ஓர் உதிரிபாகக் கடையில், பிரேக் போட்டால் மின்னி மின்னி எரியும் கூடுதல் விளக்கு ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதற்குப் பிரேக் லைட் ஒயரிலிருந்தே மின்சாரம் எடுத்து, டிக்கியின் கீல் ஓரமாக ஒயரை விட்டிருந்தார்கள். டிக்கியைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒயரின் தோல் உரிந்து செம்பு வெளியே தெரிந்தது. அது கீலின் இரும்பில் பட்ட நொடியில் ஃபியூஸ் போயிருக்கிறது. டிக்கியில் ஒரு ஒயர் உரசினால் முன்னால் கியர் லீவர் பூட்டிக்கொள்கிறது. தொடர்பு தெரியாதவர் கியர்பாக்ஸையே இறக்கியிருப்பார்.

இனி சாவி. கார் ‘பி’யில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் சாவியை விடும். அதைத் தெரிவிக்கச் சில கார்களில் லீவருக்கும் சாவித் துளைக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடும். மற்றவற்றில் லீவரின் அடியில் ஒரு நுண் சுவிட்ச் இருக்கும். கோப்பை வைக்கும் குழி அதற்கு மிக அருகில் இருப்பதுதான் பிரச்சினை. ஒருமுறை சர்க்கரை போட்ட டீயோ பழரசமோ சிந்தி உள்ளே இறங்கினால், காய்ந்து பிசினாகி அந்தச் சுவிட்சைப் பிடித்துக்கொள்ளும். சாவி வராதபோது, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒருமுறை ‘டி’ (டிரைவ்) வரை கொண்டுபோய் மீண்டும் ‘பி’க்குக் கொண்டுவந்து, முன்பக்கமாகக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வந்துவிட்டால் கோளாறு அந்தச் சுவிட்சில்தான். சாவியை முறுக்கி இழுக்காதீர்கள். துளைக்குள் உடைந்தால் செலவு உண்மையிலேயே பெரிதாகிவிடும்.

பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் இதே கோளாறு வேறு முகத்தில் வரும். பல மாடல்களில் லீவர் ‘பி’யில் இல்லாமல் பொத்தானை அழுத்தினால் என்ஜின் மட்டும் நிற்கும், கார் முழுவதுமாக அணையாது. டாஷ்போர்டில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். காலையில் பேட்டரி காலி. புதுப் பேட்டரி போட்டும் மறுபடி இறங்குகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இந்தப் பூட்டெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதன் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1980-களில் அமெரிக்காவில் ஆடி (Audi) நிறுவனத்தின் ‘5000’ என்ற மாடல் கார்கள் ‘பி’யிலிருந்து எடுத்ததுமே தானாகப் பாய்கின்றன என்று புகார் கிளம்பியது. 1986 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி அதை ஒளிபரப்ப, அங்கே ஆடியின் விற்பனை சரிந்தது. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1989-ல் தன் ஆய்வை வெளியிட்டது. பெரும்பாலான விபத்துகளில் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்பது அதன் முடிவு. அதற்குள் ஆடி தன் கார்களைத் திரும்ப அழைத்து, பிரேக்கை மிதித்தால்தான் லீவர் நகரும் என்ற பூட்டைப் பொருத்தத் தொடங்கிவிட்டது. கால் எங்கே இருக்கிறது என்பதைக் கார் முதலில் உறுதி செய்துகொள்கிறது. எவ்வளவு எளிய தீர்வு! பிறகு 2008-ல் அங்கே குழந்தைகளின் பாதுகாப்புக்காகவே ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2010 செப்டம்பர் 1 முதல் தயாராகும் ஆட்டோமேட்டிக் கார்களில் இந்தப் பூட்டு கட்டாயம் ஆனது. உள்ளே விளையாடும் குழந்தை லீவரை இழுத்துவிட்டு, கார் உருண்டு நடந்த மரணங்கள்தான் காரணம்.

எல்லாப் பூட்டுகளும் இப்படி நிலைத்துவிடவில்லை. 1974 மாடல் அமெரிக்கக் கார்களில் முன் இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் ஸ்டார்ட் ஆகாது என்று விதி போட்டார்கள். இருக்கையில் கனமான மளிகைப் பையை வைத்தாலும் ஆள் என்று நினைத்துக் கார் அடம்பிடித்தது. மக்கள் கொதித்துப்போய், அதே ஆண்டு அக்டோபரிலேயே அந்த விதியைச் சட்டம் போட்டு நீக்கினார்கள். பிரேக் பூட்டு தப்பியதற்குக் காரணம், கியர் போடும் முன் கால் எப்படியும் பிரேக்கில்தான் இருக்க வேண்டும். ஒழுங்காக ஓட்டுகிறவருக்கு அது இருப்பதே தெரியாது.

அதனால்தான் ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. “அந்தப் பூட்டையே எடுத்துவிடுங்கள், தொல்லை விட்டது” என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. செய்ய மாட்டேன். வேறொரு பட்டறையில் அப்படித் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்ட கார் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. சாவியோடு வாசல் சரிவில் நின்றிருந்த காருக்குள் நான்கு வயதுப் பையன் ஏறி, லீவரை இழுத்திருக்கிறான். கார் பின்னோக்கி உருண்டு காம்பவுண்டுச் சுவரில் மோதி நின்றிருக்கிறது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவருக்கும் காருக்கும் நடுவே அப்போது யாரும் இல்லை. பின்பக்க பம்பரில் சுவரின் சுண்ணாம்பு அப்படியே ஒட்டியிருந்தது. அந்தத் தாழ்ப்பாளை மறுபடி பொருத்தும்போது என் கை நடுங்கியது.

சரிவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ‘பி’ போட்டதும் காரைப் பிடித்துக்கொள்வது, கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தின் இடுக்கில் விழும் விரல் அளவு இரும்புக் கொக்கி. அவ்வளவுதான். ஊட்டியிலோ ஏற்காட்டிலோ சரிவில் நிறுத்தி, ‘பி’யை மட்டும் போட்டுவிட்டுப் பிரேக்கை விட்டால், காரின் மொத்த எடையும் அந்தக் கொக்கியின் மேல் சாய்ந்துவிடும். காலையில் லீவர் அசையாது. பலங்கொண்டு இழுத்தால் ‘டங்’ என்று ஓசையோடு விடுபடும். வரிசை இப்படி இருக்கட்டும்: பிரேக்கை மிதித்து நிறுத்தி, ‘என்’ போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். பிறகு காலை மெதுவாக எடுத்து, கார் ஹேண்ட்பிரேக்கில் சாய்ந்து நிற்கட்டும். அதன் பிறகு மறுபடி பிரேக்கை மிதித்து ‘பி’ போடுங்கள். புறப்படும்போது லீவரை முதலில் எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கைக் கடைசியில் இறக்குங்கள்.

2014-ல் மாருதி செலேரியோவோடு நம் ஊரில் பரவிய ஏஎம்டி கார்களில் ‘பி’யே கிடையாது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. ‘என்’னில் விட்டுவிட்டு ஹேண்ட்பிரேக்கை நம்பி இறங்கிவிடாதீர்கள். மேனுவல் காரைப் போலவே கியரில் வைத்து என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது நடுவுக்கே திரும்பி வந்துவிடும். எந்தக் கியரில் இருக்கிறது என்பது கைக்குத் தெரியாது. ‘பி’ போட்டதாக நினைத்து இறங்கியவர்களின் கார்கள் உருண்டன. ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 2016-ல் உலகெங்கும் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த ஜூன் மாதமே நடிகர் அன்டன் யெல்சின், லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டுச் சரிவுப் பாதையில், திரும்ப அழைக்கப்பட்ட வகையைச் சேர்ந்த தன் ஜீப்பே உருண்டுவந்து நசுக்கி இறந்தார். வயது 27. கதவைத் திறக்கும் முன் டாஷ்போர்டில் ‘பி’ எழுத்தைக் கண்ணால் பாருங்கள், ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு நொடி ஆகும்.

உங்கள் காருக்கு நாளைக்கே செய்ய வேண்டியது: பெடல் சுவிட்சை மாற்றுங்கள். லீவரின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் அவ்வப்போது இருட்டில் சுவர் ஓரமாகப் பின்பக்கத்தை நிறுத்திப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். என் அப்பா இப்போது ஞாயிறு இரவுகளில் போர்ட்டிகோவில் அதைத்தான் செய்கிறார். கண்ணாடியில் சுவர் சிவப்பாகத் தெரிந்தால் தலையாட்டிவிட்டு என்ஜினை அணைக்கிறார்.