ராக்கபில்லி என்றால் என்ன? பாடகி வாண்டா ஜாக்சனை அதன் ராணி என்று ஏன் சொல்கிறார்கள்?

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமத்துப் பாட்டான கன்ட்ரி இசையும், கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் ப்ளூஸும் 1950களில் கலந்து பிறந்ததுதான் ராக்கபில்லி. ஆரம்பக் குழுக்கள் பலவற்றில் டிரம்ஸ் கிடையாது. ஆளுயர பேஸ் வாத்தியத்தின் தந்தியை இழுத்து விட்டால், அது கட்டையில் மோதி ‘டக் டக்’ என்று ஒலிக்கும். வகுப்பில் ஒருவன் பாட, பக்கத்தில் இருப்பவன் பெஞ்சைத் தட்டுவானே, அந்த வேலையைத்தான் பேஸ் செய்கிறது.

வாண்டா 1937இல் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்தவர். பள்ளி நாட்களிலேயே உள்ளூர் வானொலியில் பாடினார். அதைக் கேட்ட பாடகர் ஹாங்க் தாம்சன், தன் குழுவோடு பாடக் கூப்பிட்டார். 1955இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியோடு ஊர் ஊராகப் போனபோது, இந்தப் புதுப் பாணியைப் பாடச் சொல்லித் தூண்டியவர் எல்விஸ். பெண்கள் அடக்கமாகப் பாட வேண்டும் என்றிருந்த காலத்தில் இவர் உறுமினார், கரகரத்தார். ராணி என்ற பெயர் அதனால்தான். அம்மா தைத்துக் கொடுத்த, குஞ்சம் ஆடும் உடை வேறு! அமெரிக்க வானொலிகள் தயங்கின. ஆனால் ‘ஃபுஜியாமா மாமா’ ஜப்பானில் பெரிய ஹிட். ஹிரோஷிமா, நாகசாகி பெயர்கள் வரும் பாட்டு அங்கே ஓடியது விசித்திரம்தான். சொந்த நாட்டில் ‘லெட்ஸ் ஹாவ் எ பார்ட்டி’ 1960இல்தான் முதல் 40 பாடல்களுக்குள் வந்தது. அப்புறம் கன்ட்ரி, 1970களில் கிறிஸ்தவப் பக்திப் பாடல்கள். 2009இல், சாதித்த இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது.

எல்விஸ்தான் இவரைப் பாடகியாக்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவரைச் சந்திப்பதற்கு முந்தைய ஆண்டே, டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக இவர் பாடிய ஒரு டூயட் கன்ட்ரி ஹிட் பட்டியலில் ஏறிவிட்டது.