ஹீட்டரை அணைத்துவிட்டு உட்காராதீர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் உண்டு.

போன டிசம்பரில் நானும் மனைவியும் கனடாவில் எட்மண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தோம். மாப்பிள்ளை எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறார். சத்தமே இல்லாமல் போகிறது, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் ஹீட்டர் போட்டால் ஸ்கிரீனில் காட்டும் கிலோமீட்டர் மளமளவென்று இறங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "போதும்மா, அணைச்சிடச் சொல்லு, எங்களுக்குப் பழகிடுச்சு" என்பாள். மாப்பிள்ளையும் அணைத்துவிடுவார். வெளியே மைனஸ் 20. கோட்டும் மப்ளருமாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவளுக்குச் சர்க்கரை உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஊருக்கு வந்தும் முட்டிவலி விடவில்லை.

நடுவழியில் பனியில் மாட்டிக்கொண்டால் பெட்ரோல் வண்டியாவது இன்ஜினை ஓடவிட்டுக் குளிர் காயலாம், இதில் பேட்டரி தீர்ந்தால் விறைத்துப்போக வேண்டியதுதான் என்று அங்கே ஒருவர் சொன்னார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இந்த டிசம்பரில் மகளுக்குப் பிரசவம். நாங்கள் மறுபடி போகிறோம். கைக்குழந்தையும் அந்த வண்டியில்தான் வரும். மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் கேட்கச் சங்கடமாக இருக்கிறது. நார்வேயில் தம்பி வீட்டில் ஒரு குளிர்காலம் இருந்ததாக நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கே., குடியாத்தம்

*

அன்புள்ள கே. ஐயா,

"போதும்மா, அணைச்சிடச் சொல்லு" என்ற வரியைத் தாண்டி என்னால் சீக்கிரம் போக முடியவில்லை. அறையை விட்டு வெளியே வரும்போதே ஃபேன் சுவிட்சை அணைக்கும் கை அது. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று தன் உடம்பை ஒறுக்கும் தலைமுறை. எங்கள் வீட்டிலும் அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ஹீட்டரைப் போடச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஹீட்டர் ஓடினால் சுமார் 2 யூனிட் கரண்ட். வீட்டில் சார்ஜ் போடும் வண்டிக்கு அது அங்கே ஒரு டீ விலைகூட வராது.

கிலோமீட்டர் ஏன் அப்படி இறங்குகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். பெட்ரோல் இன்ஜினில் ஊற்றும் எரிபொருளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெறும் சூடாக வீணாகிறது. குளிர்காலத்தில் அந்த வீண் சூட்டைத்தான் உள்ளே திருப்பி விடுகிறார்கள். சோறு வடித்த பிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் தணலில் வெந்நீர் வைப்போமே, அது மாதிரி. எலெக்ட்ரிக் மோட்டாரோ வாங்கும் கரண்டில் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்கே கொடுத்துவிடுகிறது. தணல் மிஞ்சுவதில்லை. வெந்நீருக்குத் தனியாக அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் மே மாசம் ஏசி போட்டு ஓட்டினால் இவ்வளவு இறங்குவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். வேலூர் வெயில் 42 டிகிரி என்றால் உள்ளே 25-க்குக் கொண்டுவர 17 டிகிரி வித்தியாசம். எட்மண்டனில் மைனஸ் 20-இலிருந்து 20-க்கு ஏற்ற வேண்டும், 40 டிகிரி. அத்தோடு பேட்டரியும் குளிரில் மந்தமாகிவிடுகிறது. உள்ளே நடக்கும் ரசாயன வேலை மெதுவாகி, இருக்கும் கரண்டையே முழுசாகக் கொடுக்க முடியாமல் திணறும். ஹீட்டரை அணைத்தாலும் இந்த இரண்டாவது நஷ்டம் அப்படியேதான் இருக்கும். அம்மா குளிரில் உட்கார்ந்து மிச்சம் பிடித்தது அவர் நினைத்த அளவுக்கு இருக்காது.

மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: வண்டியில் ஹீட் பம்ப் இருக்கிறதா? இது முக்கியம். சாதாரண ஹீட்டர் நம் வீட்டு கீசர் மாதிரி. ஒரு யூனிட் கரண்ட் வாங்கினால் ஒரு யூனிட் சூடுதான் கொடுக்கும். ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து இறைக்கிறது. உங்களிடம் கிணறு இருப்பதால் உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பம்ப்செட் தண்ணீரை உண்டாக்குகிறதா என்ன? கீழே இருப்பதை மேலே தூக்குகிறது, அவ்வளவுதான். மைனஸ் 5 டிகிரிக் காற்றிலும் கொஞ்சம் சூடு இருக்கிறது. அதை இழுத்து உள்ளே கொண்டுவர ஒரு யூனிட் செலவழித்தால் இரண்டு, மூன்று யூனிட் சூடு கிடைக்கும். வீட்டு ஏசி உள்ளேயிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது. அதையே திருப்பி ஓட்டினால் ஹீட் பம்ப்.

2021 நவம்பரில் கௌண்டன்யாவிலும் பாலாற்றிலும் வெள்ளம் வந்தபோது கிணற்றில் தண்ணீர் மேலே ஏறி வந்திருக்கும். மோட்டாருக்குச் சிரமமே இல்லை. கோடையில் மட்டம் இறங்கினால் அதே மோட்டார் முக்கி முனகும், கொஞ்சமாகத்தான் கொட்டும். ஹீட் பம்ப்பும் அப்படியேதான். வெளியே குளிர் ஏற ஏற அதற்குக் கிணறு ஆழமாகிக்கொண்டே போகிறது. மைனஸ் 20 பக்கம் போனால் பெரும்பாலான வண்டிகளில் அதன் லாபம் குறைந்து, சாதாரண ஹீட்டரும் சேர்ந்து உழைக்க வேண்டிவரும். அதனால் எட்மண்டனின் மிகக் கடுமையான நாட்களில் கிலோமீட்டர் விழுவதைப் பார்த்து வண்டி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழைய வண்டி என்றால் ஹீட் பம்ப் இல்லாமலும் இருக்கலாம். நிஸான் லீஃபில் அது 2013-இலேயே வந்தது. டெஸ்லா தன் வண்டிகளில் 2020-இல்தான் வைக்கத் தொடங்கியது.

இன்னொன்று. ஹீட்டர் நேரத்துக்குத்தான் கரண்ட் எடுக்கும், தூரத்துக்கு இல்லை. ஆட்டோவில் வெயிட்டிங் சார்ஜ் ஏறுவது மாதிரி. ஊருக்குள் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஊர்ந்தால் வண்டி ஓட ஒரு மணிக்கு 5 யூனிட், ஹீட்டருக்கு 2 யூனிட். மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் ஹீட்டருக்கே போய்விடும். நெடுஞ்சாலையில் 100-இல் போனால் ஓட்டத்துக்கு 20 யூனிட்டாவது ஆகும், ஹீட்டருக்கு அதே 2. கடைக்குப் போய் நிறுத்தி, மறுபடி கிளம்பி, மறுபடி நிறுத்துவதுதான் இன்னும் மோசம். ஒவ்வொரு தடவையும் வண்டி ஆறிப்போய், முதலிலிருந்து சூடேற வேண்டும். அந்த முதல் பத்து நிமிஷத்தில் ஹீட்டர் இரண்டு மூன்று கீசர் அளவுக்கு இழுக்கும். நீங்கள் ஸ்கிரீனில் பார்த்துப் பயந்தது பெரும்பாலும் இந்த நேரத்தைத்தான்.

இதற்கு வழி இருக்கிறது. அதை நான் ஒஸ்லோவில் கண்ணால் பார்த்தேன். நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது எலெக்ட்ரிக். பனியில் பிறந்து வளர்ந்த ஜனங்கள், ஏமாந்து வாங்குகிறவர்கள் இல்லை. தம்பி காலையில் சமையலறையில் நின்று காபி குடித்துக்கொண்டே போனில் ஒரு பொத்தானை அழுத்துவான். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கீழே நிற்கும் வண்டியின் முன்கண்ணாடியில் இரவெல்லாம் படிந்த பனி முதலில் அடியோரத்தில் ஒரு கோடாக இளகும். பிறகு கண்ணாடி நடுவில் கை அகலத்துக்குத் தெளியும். கொஞ்ச நேரத்தில் மிச்சப் பனி தகடு தகடாக வழுக்கி இறங்கும். நாங்கள் இறங்கிப் போய் உட்காரும்போது சீட்டில் இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி சூடு இருக்கும். வண்டி அப்போதும் சார்ஜரில் மாட்டியிருப்பதால் இத்தனை சூடும் வீட்டுக் கரண்டில் வந்தது. பேட்டரி முழுசாக இருக்கும், அதுவும் கதகதப்பாகி ஓட்டத்துக்குத் தயாராக இருக்கும்.

உங்கள் மாப்பிள்ளை வீட்டில் எந்த பிளக்கில் மாட்டுகிறார் என்று பாருங்கள். எட்மண்டனில் பெட்ரோல் கார்களின் மூக்கிலும் ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் உறைந்துபோகாமல் இரவில் சூடாக வைக்கத்தான் அது. அந்தச் சாதாரண 120 வோல்ட் பிளக் ஒன்றரை கிலோவாட்தான் கொடுக்கும். வண்டியைச் சூடாக்க அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்போது மிச்சத்தைப் பேட்டரியிலிருந்து எடுக்கும். 240 வோல்ட் சார்ஜர் இருந்தால் அந்தக் குறை இல்லை.

ஒஸ்லோவில் முதல் வாரம் நானும் உங்கள் மனைவி செய்ததையே செய்தேன். தம்பிக்குக் கரண்ட் மிச்சமாகட்டும் என்று அவன் கவனிக்காத நேரத்தில் ஹீட்டரை அணைத்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் எங்கள் மூச்சின் ஈரம் கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்து, ஓரங்களில் இறகு இறகாக உறைய ஆரம்பித்தது. எதிரே வரும் விளக்குகள் கலங்கலாகத்தான் தெரிந்தன. தம்பி வண்டியை ஓரங்கட்டினான். "அண்ணா, நீங்க குளிர்ல கஷ்டப்பட்டது ஒருபக்கம், எனக்கு ரோடே தெரியலையே" என்றான். குரல் நடுங்கியது. அன்றைக்கு எனக்கு உறைத்தது. ஹீட்டர் சுகத்துக்கு மட்டும் இல்லை, கண்ணாடி தெளிவாக இருக்கவும் அது வேண்டும். உள்காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்று வரும்படி வைத்து, கண்ணாடிக்குக் காற்று அடிக்கும் பொத்தானைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அப்போது ஏசி விளக்கும் எரியும். அது ஈரத்தை எடுக்கத்தான், அணைக்க வேண்டாம்.

சிக்கனமாகவும் இருக்க வேண்டும் என்றால், காற்றைக் கொஞ்சம் குறைத்து உடம்பைச் சூடாக வையுங்கள். சீட் ஹீட்டர் ஒன்றுக்கு 50-இலிருந்து 100 வாட்தான். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் எடுக்கும் கரண்ட். முதுகும் தொடையும் சூடாக இருந்தால் உள்ளே 17, 18 டிகிரி இருந்தாலே குளிர் தெரியாது. மடிமேல் ஒரு கம்பளி போதும்.

ஆனால் உங்கள் மனைவி விஷயத்தில் இங்கே ஒரு எச்சரிக்கை. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சீட் ஹீட்டரால் தோல் வெந்துபோன சம்பவங்கள் உண்டு. சுடுகிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்துப் பத்து, பதினைந்து நிமிஷத்தில் அணைத்துவிடுங்கள். அவருக்குப் பாதத்தில்தான் குறைவு என்றாலும் தொடையும் கவனிக்க வேண்டிய இடம்தான். வெந்நீர் பாட்டில், சூட்டுப்பை எதையும் பாதத்தில் வைக்க வேண்டாம். அவருக்குப் பொதுவான ஹீட்டர் காற்றுதான் நல்லது. பாதத்துக்கு இறுக்கமில்லாத கம்பளி சாக்ஸ் போதும். கிளம்புவதற்கு முன் அவருடைய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு வருகிறேன். பஞ்சு அடைத்த கனமான குளிர் உடுப்பைப் போட்டு அதன்மேல் குழந்தை சீட்டின் பெல்ட்டை மாட்டக் கூடாது. இறுக்கமாக இருப்பது போலத்தான் தெரியும். மோதல் நேர்ந்தால் பஞ்சு அமுங்கி, பெல்ட் தொளதொளவென்று ஆகி, குழந்தை நழுவிவிடும். மெல்லிய உடுப்போடு பெல்ட்டை இறுக்கி மாட்டி, மேலே போர்வை போர்த்துங்கள். வண்டி சூடானதும் போர்வையை விலக்கிவிடுங்கள். வண்டியை முன்கூட்டியே சூடாக்குவது எல்லோரையும்விட இந்தக் குழந்தைக்குத்தான் அதிகம் தேவை. பெரியவர்களும் கனமான கோட்டைக் கழற்றிவிட்டு பெல்ட் போடுவதுதான் சரி.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்குக் கணக்கே போட்டுவிடலாம். 60 யூனிட் பேட்டரியில் பாதி இருக்கும்போது மாட்டிக்கொண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் 30 யூனிட். நிற்கும் வண்டியைக் கதகதப்பாக வைக்க மணிக்கு 2 யூனிட் என்றால் 15 மணி நேரம் தாங்கும். கடுங்குளிரில் 3 என்றாலும் 10 மணி நேரம். ஹீட்டரை விட்டு விட்டு ஓட்டினால் இன்னும் நீளும். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் வர்ஜீனியா நெடுஞ்சாலையில் பனியில் சிக்கிய வண்டிகளில் சில 24 மணி நேரத்துக்கும் மேல் நின்றன. அந்த மாதிரி நாளில் டேங்க் நிறைந்த பெட்ரோல் வண்டி கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. கேனில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றவும் முடியும். ஆனால் அந்த மனிதர் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பனி குவிந்து புகைக்குழாய் அடைபட்டால் ஓடும் இன்ஜினின் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். வாசனை இல்லை, நிறம் இல்லை. தூங்கியபடியே இறந்தவர்கள் இருக்கிறார்கள். எலெக்ட்ரிக் காரில் புகைக்குழாயே கிடையாது. இரவெல்லாம் ஹீட்டர் ஓடினாலும் அந்த ஆபத்து இல்லை.

அதனால் குளிர்காலத்தில் வெளியூர் போனால் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கவிட வேண்டாம். எட்மண்டனிலிருந்து கால்கரி நகரம் 300 கிலோமீட்டர். ஸ்கிரீன் 350 காட்டுகிறதே என்று ஒரே மூச்சில் கிளம்பாமல், நடுவில் ஒரு இடத்தில் சார்ஜ் போட்டுப் போங்கள். அந்த சார்ஜரை மேப்பில் குறித்துவிட்டால் பல வண்டிகள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். உறைந்த பேட்டரி வேகமாக சார்ஜ் ஏறாது. ஏற்றினால் கெட்டுவிடும் என்று வண்டியே தடுத்துவிடும். பின்னால் இரண்டு கம்பளி, டார்ச், தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு, அம்மாவின் மாத்திரைகள் இருக்கட்டும்.

மாப்பிள்ளையிடம் கேட்கச் சங்கடம் என்றால் இந்தப் பதிலையே அவருக்கு அனுப்பிவிடுங்கள். மாமியாருக்குக் குளிர்கிறது என்று தெரிந்தால் அவர் அணைத்திருக்க மாட்டார். "பழகிடுச்சு" என்று சொன்னதை நம்பியிருப்பார். போய் இறங்கிய அன்றைக்கே, சூட்கேஸைப் பிரிப்பதற்கு முன்னால், ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். அம்மா முன்சீட்டில் உட்காரட்டும். ஹீட்டர் காற்று முதலில் வந்து சேர்வது அங்கேதான்.