எல்லை எங்கே பிறக்கிறது?

ஐயா, வணக்கம். கருந்துளைக்குள் விழுபவர் நிகழ்வு எல்லையை (ஒளிகூடத் திரும்பி வர முடியாத எல்லையை) தாண்டுவதை வெளியே இருப்பவர் ஒருபோதும் பார்க்க முடியாது என்கிறார்கள். அப்படியானால் சுருங்கும் விண்மீனும் அந்த எல்லைக்குள் போவதே இல்லைதானே? கருந்துளை இன்னும் உருவாகவே இல்லை என்று சொல்லலாமா? சூரியன் இருக்கும் இடத்தில் ஒரு கருந்துளை வந்தால் பூமியை இழுத்துக்கொள்ளுமா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். நிறை அதேதான் என்றால் பூமி அதே பாதையில் சுற்றும், குளிரில் உறைந்துபோகும், அவ்வளவுதான்.

ஆனால் 'பார்க்க முடியாது' என்பதிலிருந்து 'நடக்கவில்லை' என்பதற்கு எப்படி ஐயா தாவினீர்கள்? இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் 1939-லேயே கணக்குப் போட்டுவிட்டார்கள், விழும் பொருளின் கடிகாரத்தில் சீக்கிரமே எல்லாம் முடிந்துவிடும், நமக்கு வந்து சேரும் ஒளிதான் தாமதமாகிச் சிவந்து மங்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், இருபது வயதில் நானும் இப்படித் தாவியவன்தான். எல்லையை ஒரு சுவர் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சுவரை இடித்தது ஒரு சிந்தனைச் சோதனை. ஒளியால் ஆன பிரம்மாண்டமான கோள ஓடு ஒன்று, 100 கோடி சூரியன்களின் நிறையோடு, எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி வருகிறது. நடுவில் நீங்கள். ஓட்டுக்கு உள்ளே ஈர்ப்பே தெரியாது, வெறும் வெளி. இந்த நிறைக்கு ஸ்வார்ஸ்சைல்ட் ஆரம், அதாவது கருந்துளையாக அது சுருங்க வேண்டிய ஆரம், சுமார் 300 கோடி கிலோமீட்டர், ஒளிக்கே இரண்டே முக்கால் மணி நேரப் பயணம். இப்போது கையிலிருக்கும் டார்ச்சை அடியுங்கள். ஓடு அந்த ஆரத்துக்குச் சுருங்குவதற்கு முன்பே ஒளி அதைத் தாண்டிவிட்டால் தப்பித்தது. ஓடு, டார்ச் ஒளி இரண்டும் அந்த ஆரத்துக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்? அந்த ஒளி வெளியேயும் போகாது, உள்ளேயும் விழாது, அங்கேயே நிற்கும். அதன் பாதைதான் நிகழ்வு எல்லை. அது புறப்பட்டது எங்கிருந்து? உங்கள் கையிலிருந்து! ஓடு இன்னும் 600 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது, வெற்றிடத்தின் நடுவில், ஒரு புள்ளியாக.

அந்த நொடியில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஓடு ஒளியின் வேகத்தில் வருவதால் அதைப் பற்றிய சேதியும் அதோடுதான் வரும், அதற்கு இன்னும் ஐந்தரை மணி நேரம் இருக்கிறது. எந்தக் கருவியை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இந்த எல்லையை வரைவது இனிமேல் நடக்கப்போவது. இதை விளங்கிக்கொண்ட இரவு, தூங்கிக்கொண்டிருந்த அறைத்தோழனை எழுப்பி, "இப்போதே இந்த அறைக்குள் ஒரு எல்லை விரிந்துகொண்டிருக்கலாம்டா" என்றேன். அவன் போர்வையை இழுத்துக்கொண்டு, "சரி, விளக்கை அணை" என்றான்.

உங்கள் கேள்வியை விட்டு எங்கோ வந்துவிட்டேன், பரவாயில்லை. காணொளிகளை மூடிவிட்டு ஒரு வரைபடத்தாளை எடுங்கள். கிடையாகத் தூரம், நெடுக்காக நேரம். ஓட்டுக்கு ஒரு 45 பாகைக் கோடு, டார்ச் ஒளிக்கு எதிர்த்திசையில் இன்னொன்று. வரைந்து அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்.