400 ஆண்டு தனித்திருக்கும் காட்டுக்குடி: உங்கள் கேள்விக்கு

"60 பேர், 400 ஆண்டு வெளித்தொடர்பே இல்லை, கையில் இரும்பு அம்பு, நம்பும்படி இருக்கிறதா?" என்று உங்கள் கதையில் வரும் காட்டுக்குடியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இடறுவது இரும்புதான். உருக்க வேண்டுமானால் தாது, கரி, துருத்தி, பழகிய கை எல்லாம் வேண்டும். உலைப்புகை ஒளிந்திருப்பவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். இலங்கை வேடர்களைப் பாருங்கள். இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியையும், வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுப் போவார்கள் என்று இலங்கையில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ் 1681இல் எழுதினார். முகம் பார்க்காத இந்த வணிகம் உங்கள் கதைக்கு அப்படியே பொருந்தும். கொல்லன் ஏமாற்றினால் என்ன ஆகும்? ஒரு அத்தியாயமே கிடைக்கும்!

உப்புக்குக் கடல் வேண்டாம். நியூ கினியின் பருயா மக்கள் ஒருவகைப் புல்லை எரித்து, சாம்பலில் நீர் ஊற்றி வடித்து, காய்ச்சி உப்புக்கட்டி எடுத்தார்கள்.

60 பேர் போதாது. சில தலைமுறையிலேயே கட்டிக்கொள்ளும் முறையில் ஆள் இருக்காது. தலா 40 பேராகப் பன்னிரண்டு குழுக்கள் வையுங்கள். பெண் கொடுத்து எடுக்கட்டும்.

உங்கள் கதையில் ஆண்டுக்கணக்கோடு வரும் குடித்தலைவர் பட்டியலை வெட்டிவிடுங்கள். எழுத்தில்லாத குடியின் நினைவில் அண்மைத் தலைமுறைகள் தெளிவாக இருக்கும், தொடக்கக் கதையும் இருக்கும். நடுப்பகுதிதான் காணாமல் போகும். வரலாற்றாய்வாளர் யான் வான்சினா இதை 'மிதக்கும் இடைவெளி' என்றார். காட்டுக்குள் ஏன் ஓடிவந்தார்கள் என்ற உண்மையை அந்த இடைவெளியில் புதையுங்கள்.