புரோபயாடிக் கேப்சூல் சாப்பிட்டால் எடையும் கொலஸ்ட்ராலும் குறையுமா?

கேட்டவருக்கு 41 வயது, எடை 88 கிலோ. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 158, ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240. டாக்டர் எழுதித் தந்த கொலஸ்ட்ரால் மாத்திரைக்குப் பதிலாக மூன்று மாதம் புரோபயாடிக், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடைத்த கேப்சூல் எடுத்துப் பார்க்கலாமா என்கிறார்.

மாத்திரைக்குப் பதிலாக என்றால் வேண்டவே வேண்டாம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதே கேள்வி கடையில் அடிக்கடி வருகிறது. "மாத்திரை கெமிக்கல், இது இயற்கைதானே தம்பி" என்று ஒரு அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டு கேப்சூலுக்கு மாறினார். அடுத்த ரிப்போர்ட்டில் எல்டிஎல் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. எடையும் அசையவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது.

கேப்சூலில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். குடலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் பித்த உப்பை உடைக்கின்றன. உடைந்தது மலத்தோடு வெளியேறிவிடும். கல்லீரல் புதுப் பித்தம் தயாரிக்க ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். வழி உண்மைதான், அளவுதான் சின்னது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் எடையில் சராசரியாக அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே குறைகிறது. எல்டிஎல் சில புள்ளிகள் இறங்கலாம். ட்ரைகிளிசரைடில் நம்பிச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. கொலஸ்ட்ராலுக்கு டாக்டர்கள் வழக்கமாகத் தரும் ஸ்டாடின் மாத்திரையோ, சாதாரண அளவிலேயே எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்கு வரை இறக்கிவிடும்.

விளம்பரங்களில் வரும் ஜப்பான் ஆய்வு 2010இல் வெளிவந்தது. 87 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 12 வாரம் லாக்டோபேசிலஸ் கேசெரி எஸ்பிடி 2055 என்ற பாக்டீரியா ரகம் சேர்த்த புளித்த பாலைக் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு அது சேர்க்காத பால். அது சேர்ந்த பாலைக் குடித்தவர்களுக்கு வயிற்றின் உள்கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. 2013இல் 210 பேரை வைத்துச் செய்ததிலும் பலன் தெரிந்தது. ஆனால் பாலை நிறுத்தி நாலு வாரத்திலேயே அந்தப் பலன் மங்க ஆரம்பித்தது. அப்படியென்றால் வாழ்நாள் முழுக்க வாங்க வேண்டும்.

அதிலும் அந்தப் பலன் அந்த ஒரு ரகத்துக்குத்தான். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். வெறும் 'லாக்டோபேசிலஸ்' என்று மட்டும் இருந்து, பின்னால் எஸ்பிடி 2055 போல ரகத்தின் குறியீடு இல்லையென்றால் அந்த ஆய்வை அதற்குச் சொல்ல முடியாது. உயிருள்ள பாக்டீரியா எத்தனை கோடி என்பது தயாரித்த நாளைய கணக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்றும் பாருங்கள். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த டப்பாவை நான் நம்ப மாட்டேன்.

ட்ரைகிளிசரைடு 240 என்பதால் ஒன்று கேட்கிறேன், கள் குடிப்பீர்களா? எங்கள் சித்தூர் தாலுக்கா முழுக்கக் கள் இறக்கும் தோப்புகள். "புளித்ததுதானே, வயிற்றுக்கு நல்லது" என்று பெரியவர்களே சொல்வார்கள். அதிலுள்ள ஆல்கஹால் ட்ரைகிளிசரைடை ஏற்றும். இனிப்பும், இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும் சோறும் அப்படித்தான். கெட்ட கொலஸ்ட்ராலுக்குத் தேங்காய் எண்ணெயைப் பார்க்க வேண்டும். அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. கறிக்கும் பொரியலுக்கும் அதையே ஊற்றும் வீட்டில் பாதிக்காவது கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ மாற்றினால் எல்டிஎல் குறைய வழியுண்டு. கேப்சூல் காசுக்கு மீனும் பயறும் வாங்குங்கள். தயிரும் மோரும் தாராளமாகச் சாப்பிடலாம், எடை குறைக்கும் மருந்து என்று நினைத்து மட்டும் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் ஆசையிருந்தால் மாத்திரையோடு சேர்த்துக் கேப்சூலும் எடுங்கள், பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் உறுப்பு மாற்று செய்தவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாத்திரை ஆரம்பித்து 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். நடுவில் தசைவலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கும் மாற்றலாம்.